ஊதாத குழல்

கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை. பரிசளிப்பு விழாவுக்கு இன்னும் நான்கு நாட்களே இருந்தன. மேடை ஏறவிருந்த ரெக்கோடர் குழுவில் இருபத்திரண்டு சிறுவர். இருபத்தொருவர் ஓரளவு ஒத்து ஊதினர். ஒருவனுடைய குழல் மட்டும் பாட்டு மேலேறும் இடமெல்லாம் கீச்சிட்டது. நாம் அவனைத் தனியே அழைத்தோம். குழலை வாயில் வைத்துக்கொள், விரல்களை மற்றவர்களைப் போல அசை, ஆனால் ஊதாதே என்று சொன்னோம். அவன் தலையசைத்தான், விழாவன்று சொன்னபடியே செய்தான். நிகழ்ச்சி நன்றாக அமைந்தது. பிரதம விருந்தினரும் இரண்டொரு வார்த்தை பாராட்டிப் பேசினார். திரைக்குப் பின்னால் நாம் குழல்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் வந்து நின்றான்.

"சேர், நான் ஊதவே இல்ல. ஆனா எனக்கும் சேத்துத்தான் எல்லாரும் கை தட்டினாங்க."

அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை; மகிழ்ச்சியும் இல்லை. ஒரு கணக்கு பொருந்தவில்லையே என்று ஆசிரியரிடம் கேட்கும் மாணவனின் தொனியே இருந்தது. நாம் என்ன பதில் சொன்னோம் என்பது நினைவில்லை. பதில் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டோம் என்றே எண்ணுகின்றோம்.

ரெக்கோடர் என்றதும் ஒலிப்பதிவுக் கருவியை எண்ணிக்கொள்ளும் அன்பர்களுக்காக ஒரு சொல். இது வாய்முனையில் கட்டையொன்று பொருத்தப்பட்ட நேர்க்குழல். முன்புறம் ஏழு துளைகள், பின்புறம் இடது பெருவிரலுக்கு ஒன்று. நமது புல்லாங்குழலில் முதற் சுரம் பிறப்பதற்கே உதடு நாட்கணக்கில் பழகவேண்டும். இதிலோ ஊதினால் ஒலி வந்துவிடும். ஆதலால் உலகெங்கும் ஆரம்பப் பாடசாலைகளின் கைக்கு இது எளிதாக வந்து சேர்ந்தது. ஒலி வருவது எளிது. நல்ல ஒலி வருவது எளிதன்று. இந்த வேறுபாட்டை ஆசிரியராகிய நாமே வெகு காலம் அறிந்திருக்கவில்லை என்பதைப் பின்னர் சொல்லுவோம்.

நாம் செய்தது தவறா? இக்கேள்வியைச் சில ஆசிரிய நண்பர்களிடம் கேட்டதுண்டு. பெரும்பாலோர் சிரித்தனர். தாமும் அப்படிச் செய்ததுண்டு என்றனர். இருபத்தொரு பிள்ளைகளின் உழைப்பை ஒருவனுக்காகக் கெடுப்பது நியாயமா என்று ஒருவர் கேட்டார். அவனை மேடையிலிருந்து நீக்காமல் வைத்திருந்ததே கருணை என்றார் இன்னொருவர். இவை அலட்சியம் செய்யத்தக்க வாதங்கள் அல்ல. சபையை ஏமாற்றினோம் என்பதைக்கூட நாம் பெரிதாகக் கொள்ளவில்லை. அந்தச் சபை அன்று இசை கேட்க வந்ததன்று. தத்தம் பிள்ளைகளைப் பார்க்க வந்தது.

நம்மை உறுத்துவது வேறு. தமிழிலே 'கருவி' என்னும் சொல் இசைக்குரிய பொருளையும் குறிக்கும், ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தப்படும் எதனையும் குறிக்கும். அன்று அச்சிறுவன் கையில் ஒரு கருவி இருந்தது; அவனே நம் கையில் ஒரு கருவியாக இருந்தான். வரிசை நிறைவாகத் தோன்றவேண்டும் என்பதற்காக ஓர் உடல் தேவைப்பட்டது, அவ்வளவே. மனிதனை எக்காலத்தும் வெறும் சாதனமாக மட்டும் கொள்ளலாகாது என்று 1785-இல் ஜெர்மன் ஞானி காண்ட் வகுத்த நெறியைக் கல்லூரியிலே படித்துத் தேர்வும் எழுதினவர்கள் நாம். உழைத்தவனுக்குப் பலன் மறுக்கப்படும் அநீதியைப் பற்றி மேடைதோறும் பேசுகின்றோம். இங்கோ உழைப்பு மறுக்கப்பட்டது, பலன் மட்டும் பிச்சையாக இடப்பட்டது. இரண்டாவது அநீதி முதலாவதைவிடச் சிறியதென்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

இந்த எண்ணம் நீறுபூத்த நெருப்பாகக் கிடந்தது. அதை ஊதிவிட்டது, வேடிக்கையாகத்தான் சொல்லவேண்டும், ஒரு ரெக்கோடர் முகாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் இங்கிலாந்திலுள்ள உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கே கோடை விடுமுறையில் வெறுமையாகும் விடுதிப் பாடசாலைகளை வாடகைக்கு எடுத்து, ரெக்கோடர் ஊதுவோர் ஒரு வாரம் கூடித் தங்கிப் பயில்வது பழைய வழக்கம். உறவினர் நம்மை அத்தகைய ஒன்றில் சேர்த்துவிட்டார். சிறுவர் முகாம் என்று நினைத்துப் போனோம். போய்ப் பார்த்தால் வந்திருந்த அறுபது பேரில் பெரும்பாலோர் நரைத்தவர்கள். ஓய்வுபெற்ற தாதியர், கணக்காளர், பள்ளி ஆசிரியர்; நமது அறையில் இருந்தவர் முப்பது வருடம் கடிதம் விநியோகித்த தபாற்காரர். சிறுவர் உறங்கும் ஒடுங்கிய கட்டில்களில் அவர்கள் முனகிக்கொண்டே படுத்தனர். ஒவ்வொருவரும் நாலைந்து குழல்கள் வைத்திருந்தனர். சாண் நீளக் குழலும் உண்டு. நின்றுகொண்டு ஊதவேண்டிய, ஆளை மிஞ்சிய குழலும் உண்டு. நமது பிளாஸ்டிக் குழல் அவற்றின் நடுவே பணக்கார வீட்டுக் கலியாணத்தில் ஏழை உறவினன்போல் கூசிக் கிடந்தது.

காலையில் மூச்சுப் பயிற்சி, பின்னர் விரற்பயிற்சி, பிற்பகலில் நால்வர் ஐவராகக் கூடிச் சிறு குழு, இரவில் அறுபது பேரும் ஒன்றாக. ஒன்பது மணிக்கு வகுப்பு முடிந்தபின்னும் மாடிப்படியின் கீழும் சாப்பாட்டு மண்டபத்தின் மூலையிலும் ஊதிக்கொண்டே இருந்தார்கள். கேட்பதற்கென்று ஒருவரும் இல்லை. இதுதான் நம்மைத் திகைக்கவைத்தது. வார இறுதியில் அரங்கேற்றம் இல்லை, தேர்வில்லை, சான்றிதழ் இல்லை. கேட்பார் இல்லாத இடத்தில் இசை எதற்கு என்று நமக்குள் இருந்த கச்சேரி ரசிகன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

தபாற்காரரும் நாமும் ஒரே குழுவில் இருந்தோம், கீழிருந்து இரண்டாவது. பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்கள் நாம் என்று சொல்லிப் பார்த்தோம், பயனில்லை. இரண்டாம் நாள் ஒரு பழைய நடனப் பாட்டை ஊதுகையில் அவர் இடம் தவறிவிட்டார். குழலைத் தாழ்த்தினார், காத்திருந்தார், வாக்கியம் ஒன்று முடியும் இடத்தில் மறுபடி சேர்ந்துகொண்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தவறினால் நிறுத்து, கேள், அடுத்த முடிவில் சேர்ந்துகொள். அங்கே அது ஒரு விதி. அவர் ஊதிய பகுதியோ நான்கு குரல்களில் மூன்றாவது; நீண்ட சுரங்கள், குறைந்த அசைவு. அவர் நின்றபோது இசையில் ஒரு பள்ளம் விழுந்தது நமக்குக் கேட்டது. அவர் சேர்ந்தபோது அது நிரம்பியது. அவர் நன்றாக ஊதினாரென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர் இல்லாவிடில் அந்தப் பாட்டு இல்லை.

மூன்றாம் நாள் ஆசிரியை நமது இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பெருவிரலைத் துளையிலிருந்து விலக்குகின்றீர்கள், விலக்கக்கூடாது. விரலை மடித்து நக நுனியால் பிறைபோல் ஒரு கீற்று மட்டும் திறவுங்கள் என்றார். அதோடு மூச்சைப் பாதியாகக் குறையுங்கள் என்றார். செய்தோம். பல வருடங்களாக நம் குழலில் இருந்த கீச்சொலி அந்தப் பகலே பாதி அடங்கிவிட்டது.

அன்றிரவு உறக்கமில்லை. கொட்டாஞ்சேனைச் சிறுவனின் குழல் மேல் ஸ்தாயியில்தான் கீச்சிட்டது. அவனுக்கு விரல் வைக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே. மற்றப் பிள்ளைகள் தற்செயலாகத் தப்பினார்கள். பயந்து மெல்ல ஊதினவர்கள் தப்பினார்கள். அவன் ஆசையோடு பலமாக ஊதினான், அகப்பட்டுக்கொண்டான். நமது அறியாமைக்கு அவன் வாயை அடைத்தோம்.

ஆயினும் இங்கே ஒரு பொறி இருக்கின்றது. இந்தக் கண்டுபிடிப்பு கேள்வியை நமக்கு எளிதாக்கிவிடப் பார்க்கின்றது. தவறு ஆசிரியருடையது, மாணவன் குற்றமற்றவன், ஆகவே அவனை மௌனமாக்கியது அநீதி என்று தீர்த்துவிடலாம். ஆனால் தவறு உண்மையிலேயே அவனுடையதாக இருந்திருந்தால்? சுருதி பேதம் அறியாத செவியுடையவனாகவே அவன் இருந்திருந்தால், அவனை ஊதாதே என்றது சரியாகிவிடுமா? கேள்வி அதுவே. திறமையற்றவனுக்குக் கலையில் உரிமை உண்டா?

இதற்கு விடை தேடுமுன் அந்தக் கருவியின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்பது நல்லது. பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ரெக்கோடர் அரசவைக் கருவி. 1535-இல் வெனிஸ் நகரில் கனாஸி என்பவர் அதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். எட்டாம் ஹென்றி இறந்த 1547-இல் எடுத்த சொத்துக் கணக்கில் எழுபத்தாறு ரெக்கோடர்கள் இருந்தன. பின்னர் மண்டபங்கள் பெருகின, வாத்தியக் குழுக்கள் பருத்தன. மெல்லிய குரலுடைய நேர்க்குழலைப் பலத்த குரலுடைய குறுக்குக்குழல் ஒதுக்கிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் அது ஏறத்தாழ மறக்கப்பட்டது.

அதனை மீட்டவர் பிரான்சிலே பிறந்து இங்கிலாந்திலே வாழ்ந்த ஆர்னல்ட் டொல்மெச். பழங்கால ரெக்கோடர் ஒன்றை அவர் வைத்திருந்தார். 1919-இல் அவர் குடும்பம் பயணம் செய்கையில் இலண்டன் வாட்டர்லூ புகையிரத நிலையத்தில் அதை வைத்திருந்த பை தவறிப்போயிற்று. முன்பே எடுத்துவைத்த அளவுகளைக்கொண்டு அவர் புதிதாக ஒன்றைச் செய்தார். இன்றைய ரெக்கோடர் மறுமலர்ச்சி அந்தத் தொலைந்த பையிலிருந்து தொடங்குகின்றது. 1930-களில் எட்கார் ஹன்ட் போன்றோர் அதனைச் சாதாரணப் பாடசாலைகளுக்குக் கொண்டுசென்றனர்; 1937-இல் ஊதுவோர் சங்கம் நிறுவப்பட்டது; இரண்டாம் உலக யுத்தத்தின்பின் பேக்கலைட்டிலும் பிளாஸ்டிக்கிலும் மலிவான குழல்கள் வந்தன. நமது பிள்ளைகளின் கைக்கு வந்தது இவ்வழியே.

முற்போக்காளருக்கு இதில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. டொல்மெச்சைப் பழைய வாத்தியங்கள் செய்யத் தூண்டியவர்களுள் ஒருவர் வில்லியம் மொறிஸ். பிரித்தானிய சோஷலிஸ இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். டொல்மெச் செய்த முதல் ஹார்ப்சிகார்ட் 1896-இல் மொறிஸின் நண்பர்கள் நடத்திய கைவினைக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு மொறிஸ் மரணப் படுக்கையில் கிடந்தபோது டொல்மெச் சென்று பழைய இசை வாசித்துக் காட்டினார். உழைப்பிலே இன்பம் காணும் உரிமை எல்லா மனிதர்க்கும் உண்டு, அதனைப் பறித்தது முதலாளித்துவம் என்பது மொறிஸின் கொள்கை. அவருடைய மற்றொரு கிளை கொழும்புக்கு வருகின்றது. 1877-இல் இந்நகரிலே தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, மொறிஸின் சீடராகவே தம்மைக் கருதினார். சிங்களக் கைவினைகளைப் பற்றிய தமது பெருநூலை 1908-இல் அச்சிட்டபோது, மொறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே அதனை அச்சிட்டார். மறுவருடம் வந்த கட்டுரைத் தொகுப்பில் கிராமபோனைக் கண்டித்து எழுதினார். வீட்டிலும் வீதியிலும் பாடியவனை இயந்திரம் வெறும் கேட்பவனாக்கிவிடும் என்ற அச்சம் அவ்வாறான எதிர்ப்புகளின் அடியில் இருக்கின்றது. இன்று சட்டைப்பையில் ஆயிரம் கச்சேரிகளைச் சுமந்து திரியும் நாம், அந்த அச்சம் வீண் என்று சொல்வது கடினம்.

ஆனால் குமாரசுவாமியோடு நாம் முழுதும் செல்லமுடியாது. அவர் போற்றிய கைவினைஞன் குலத்தொழிலில் பிறந்து குலத்தொழிலில் இறப்பவன். சாதி அமைப்பின் கொடுமையை அவர் கண்டதைவிட அதன் ஒழுங்கையே அதிகம் கண்டார். குருவின் வீட்டிலே தங்கி, பணிவிடை செய்து, வருடக்கணக்கில் கற்ற நமது குருகுலத்தை எண்ணி உருகுவோர் இன்றும் உளர். அந்த வாசலுக்குள் யார் நுழையலாம், யார் முற்றத்தில் நிற்கவேண்டும் என்பது கேட்கப்படாமலே தீர்மானிக்கப்பட்டிருந்தது. கோயில் வீதியிலே நாதஸ்வரம் முழங்காமல் தேர் நகராது. அதை ஊதியவனுக்கோ பல சபைகளில் ஆசனம் கிடையாது. ஒரு வாரம் கட்டணம் கட்டியவர் எவரும் உள்ளே வரலாம் என்ற அந்த விடுதிப் பாடசாலை இந்த அளவில் குருகுலத்தைவிட நாகரிகமானது.

கட்டணம் என்றவுடன் தோழர்கள் குறுக்கிடுவார்கள். குறுக்கிட வேண்டியதுதான். அந்த ஒரு வாரத்துக்கான தொகை நமது ஆசிரியர் ஒருவரின் பல மாதச் சம்பளம். உறவினர் கட்டாவிட்டால் நாம் அங்கே இல்லை. வந்தவர் எல்லோரும் ஓய்வூதியம் உள்ளவர்கள்; கடன் இல்லாத வீடு உள்ளவர்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு இரவு ஜம்பட்டா வீதி வழியே வீடு திரும்புகின்றவனிடம் போய், இசை உன் உரிமை, ஊது என்றால் அவன் என்ன சொல்வான்? வெள்ளவத்தையில் முன்பு பெரிய நெசவாலை ஒன்று இருந்தது. 1933-இல் அங்கு வேலைநிறுத்தம் மூண்டபோது கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள் தொழிலாளர் பக்கம் நின்றனர். கூலிக்கும் நேரத்துக்கும் நடந்த அத்தகைய போராட்டங்கள்தான் தொழிலாளியின் மாலைப்பொழுதை அவனுக்கு மீட்டுத்தந்தன. அந்த மாலைப்பொழுதில் அவன் என்ன செய்வான் என்ற கேள்வியை மட்டும் நாம் சினிமாக்காரரிடமும் இப்போது கைத்தொலைபேசிக்காரரிடமும் விட்டுவிட்டோம்.

எல்லா இடத்திலும் அப்படி விட்டுவிடவில்லை. 1936-இல் இலண்டனில் தொழிலாளர் இசைச் சங்கம் ஒன்று தோன்றியது. இசையமைப்பாளர் அலன் புஷ் அதன் முன்னணியில் நின்றார். ஷெஃபீல்ட் அருகே பிரபு ஒருவரின் மாளிகையாக இருந்த வோட்லி ஹாலைத் தொழிற்சங்கத்தார் தம் கையால் பழுதுபார்த்து 1951-இல் திறந்தனர். அச்சங்கத்தின் கோடை இசைப் பயிலகம் ஆண்டுதோறும் அங்கே தங்கிப் பயின்றது. ஆகவே தங்கிக் கற்பது பணக்காரருக்கே உரிய ஆடம்பரம் என்பதில்லை. யார் மாளிகையை எடுத்துக்கொள்கின்றார்கள் என்பதைப் பொறுத்தது.

வேறொரு எதிர்வாதம் இதைவிடக் கடுமையானது. கூடி இசைப்பது தானாகவே நல்லதன்று. ஜெர்மனியிலும் 1920-களில் இளைஞர் இயக்கங்கள் இதே ரெக்கோடரை எடுத்துக்கொண்டு காடும் மலையும் சுற்றின. 1933-க்குப்பின் அந்தக் கூட்டுப் பாடலையும் கூட்டுக் குழலையும் ஹிட்லரின் இளைஞர் படை எடுத்துக்கொண்டது. ஒன்றாக மூச்சுவிடப் பழகியவர்கள் ஒன்றாக அணிவகுக்கவும் பழகினர். இதைப் படித்தபோது நமது தபாற்காரரையே எண்ணினோம். அணிவகுப்பில் கால் தவறியவனுக்கு இடமில்லை. தவறியவன் நின்று, கேட்டு, மறுபடி சேரலாம் என்ற விதி எங்கே இருக்கின்றதோ அங்கேயே அந்தக் கூட்டு மனிதருடையதாகின்றது. அதைக் கொண்டு பார்த்தால் நமது பரிசளிப்பு மேடை எந்தப் பக்கம் நின்றது என்பதை வாசகர் சொல்லவேண்டியதில்லை.

இசைக்கென்று ஓர் உண்மை உண்டு, சுருதி தவறுவது தவறே, அதை மறைப்பது பிள்ளைக்கும் நன்மையன்று என்று வித்துவான் ஒருவர் நம்மிடம் வாதாடினார். இதை நாம் முற்றும் ஏற்கின்றோம். அந்த ஆசிரியையும் தபாற்காரரின் தவற்றைத் தவறு என்றே சொன்னார். ஒரு வாரமும் சொன்னார். திருத்துவது வேறு, அடைப்பது வேறு. ஆனால் வித்துவான் சொல்லாத இன்னொன்றும் இருக்கின்றது. ஒரே மெட்டைக் கமகங்களோடு ஒருவர் விரிக்கும் நமது கச்சேரி அமைப்பில் வலுவற்றவனுக்கு இடமே கிடையாது. அவன் சபையில் உட்கார்ந்து தாளம் போடலாம். பல குரல்கள் சேரும் இசையிலோ எளிய பகுதி என்று ஒன்று உண்டு, அது இன்றியமையாததும் ஆகும். நம்மிடமும் அப்படி ஒன்று இல்லாமலில்லை. மட்டக்களப்பு நாட்டுக்கூத்தில் அண்ணாவியார் மாதக்கணக்கில் ஊராரைப் பழக்குகின்றார். ஆட முடியாதவன் பிற்பாட்டுப் பாடுகின்றான். அதுவும் முடியாதவன் களரிக்குப் பந்தம் பிடிக்கின்றான். 1960-களில் பேராசிரியர் வித்தியானந்தன் அக்கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது நகரத்தார் வியந்து பார்த்தனர். பார்த்தனர் என்பதோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. கூத்திலும் எந்தச் சாதியான் எந்த வேடம் கட்டுவது என்ற கணக்கு இருந்ததை மறைக்கவேண்டியதில்லை.

கொழும்பில் என்ன நிலை? சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் நடந்தால் மாடிதோறும் வயலினும் வாய்ப்பாட்டும் கேட்கும். கேட்க இன்பமே. ஆனால் பெற்றோரை விசாரித்தால் பிள்ளை எந்தப் பாட்டுப் பாடுகிறது என்று சொல்லார். எந்தத் தரம் முடித்தது என்று சொல்வார். வட இலங்கை சங்கீத சபையின் தரம், இலண்டன் சபையின் தரம். கடைசித் தரம் முடிந்ததும் வயலின் பெட்டி அலமாரியின் மேல் ஏறிவிடுகின்றது. வெள்ளவத்தைப் பிள்ளை சான்றிதழுக்காக ஊதுகின்றது, கொட்டாஞ்சேனைப் பிள்ளை பரிசளிப்பு விழாவுக்காக ஊதுகின்றது என்று சொன்னால் மிகையாகலாம், அதிகம் மிகையன்று.

திரும்பி வந்த வருடம் எல்லோரும் ஊதட்டும் என்று தீர்மானித்தோம். அதிபர் தயங்கினார், பிறகு உங்கள் பொறுப்பு என்றார். பெருவிரலை மடிக்கக் கற்பித்தோம், மெல்ல ஊதக் கற்பித்தோம், இரண்டு குரல்களாகப் பிரித்தோம். இயலாதவர்களுக்கு மூன்றே சுரங்கள் கொண்ட பகுதியை எழுதிக் கொடுத்தோம். இவ்வளவும் செய்து மேடையேற்றினோம். நடுவில் ஒரு குழல் பலமாகக் கீச்சிட்டது. மண்டபத்தின் பின்வரிசையில் சிலர் சிரித்தனர். ஊதிய சிறுமி மேடையிலேயே அழுதுவிட்டாள்.

முன்னொரு நாள் ஊதாமல் நின்ற சிறுவன் அழவில்லை. இதை நாம் பலமுறை நிறுத்துப் பார்த்திருக்கின்றோம். கொள்கைக்காக ஒரு குழந்தையைச் சிரிப்புக்கு இரையாக்கினோமா? அந்தச் சிறுமியும் வேறொரு வகையில் நமது கருவியாகிவிட்டாளா? நமது குற்றவுணர்வைத் தீர்த்துக்கொள்ள அவளை மேடையேற்றினோம் என்று ஒருவர் சொன்னால் நம்மிடம் முழுமையான மறுப்பு இல்லை. ஒன்று மட்டும் தெளிவாயிற்று. அவளை அழவைத்தது கீச்சொலியன்று. நாற்காலிகளில் உட்கார்ந்து தீர்ப்பளிக்கும் முந்நூறு பேர் எதிரே இருந்தார்கள். அவர்களுள் ஒருவரும் வாழ்நாளில் குழல் எடுத்தவரல்லர். அந்த விடுதிப் பாடசாலையில் அறுபது பேர் தவறியும் யாரும் அழாததன் காரணம் அங்கே நாற்காலிப் பக்கம் என்று ஒன்று இல்லாததே. நாம் அங்கிருந்து விரலை மடிக்கும் வித்தையைக் கொண்டுவந்தோம், அதைக் கொண்டுவரவில்லை.

மறுவருடம் பரிசளிப்பு விழாவில் ரெக்கோடர் நிகழ்ச்சி இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை பிற்பகல் வகுப்பறையில் பெற்றோரையும் வரச்சொன்னோம், பார்ப்பதற்கன்று, ஊதுவதற்கு. 2022-இல் ரூபாய் வீழ்ந்தபின் பிளாஸ்டிக் குழலின் விலையும் ஏறிவிட்டிருந்தது. பழைய குழல்களைச் சவர்க்கார நீரில் கழுவி எடுத்தோம். நாற்பது வீடுகளுக்குக் கடிதம் அனுப்பினோம். ஏழு பேர் வந்தனர். ஐந்து தாய்மார், ஒரு பாட்டனார், துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு தகப்பனார். பிள்ளைகள் அவர்களுக்கு விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அழுத சிறுமியின் தாய் வந்திருந்தார். மகள் அவருடைய பெருவிரலைப் பிடித்து மடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தகப்பனாரின் விரல்கள் காய்த்துத் தடித்திருந்தன. துளைகள் இரண்டிரண்டாக மூடிக்கொண்டன. அவருக்குப் பெரிய குழல் வேண்டும். அது எங்கே கிடைக்கும், என்ன விலை என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கின்றோம்.